உப்புக் கணக்கு

முதல் நாள் நீர்
போட்டுக்கு வெளியே தலையை நீட்டிச்
சத்தி எடுத்தனீர், சுபத்திரா.
அனலைதீவு இறங்குதுறையில் நிண்ட நாங்கள்
சிரிச்சது உண்மை.
"இதுவும் ரெண்டு மாசம்" எண்டார் குணநாயகம்.

எங்களுக்குப் பழக்கம்.
வாசிகசாலையில் கதிரை அடுக்கி
மண்ணிறக் கடதாசி விரிச்சு
கலர்ப் பேனையால் வட்டம் கீறி
"உங்களுக்கு என்ன தேவை?" எண்டு கேப்பினம்.
நாங்களும் பாடமாக்கி வைச்சிருந்தம்:
வாழ்வாதாரம், விழிப்புணர்வு, தையல் மெசின்.
பதினொரு மெசின் வந்தது.
தைச்சதை வாங்க ஆள் வரேல்லை.
பெயர்ப் பலகைகள் மட்டும் நல்ல தகரம்.
யேசுமலரின் ஆட்டுக்கொட்டில்
அதாலைதான் ஒழுகாமல் நிக்குது;
மழைக்கு ஒதுங்கினால்
நாலு நாட்டுக் கொடி பாக்கலாம்.

நீர் பலகை நடேல்லை.
அதுவே சந்தேகமாய் இருந்தது.
கிணத்துக்கு ஒரு வாளி தண்ணி கேட்டனீர்.
நாப்பத்து மூண்டு கிணறு, நாப்பத்து மூண்டு வாளி.
சின்னக் கருவியொண்டை முக்கி
எண்ணைப் பாத்து
சிங்கிள் றூள் கொப்பியில் எழுதி
நாலு மணிப் போட்டுக்குப் போனனீர்.
அடுத்த மாசமும்.
அதுக்கடுத்ததும்.
இவவுக்கு வேறை வேலை இல்லையோ?

மூண்டாம் வருசம்
மழைத்தண்ணியை மறிக்கக் கட்டின அணை
மார்கழியில் ஒரே இரவில் உடைஞ்சது.
திரவியத்தின் புகையிலைக் கண்டு அவ்வளவும்
கடலுக்குப் போச்சு.
முழங்கால் சேத்துக்குள் நிண்டு
"பிழை எங்கட" எண்டு சொன்னனீர்.
இத்தனை நிறுவனம் கண்ட ஊருக்கு
அந்தச் சொல்லை ஆரும் கொண்டந்ததில்லை.
எங்கை வைக்கிறது எண்டு
எங்களுக்குத் தெரியேல்லை.
நட்டஈடு ஏழு மாசம் பிந்தி வந்தது,
அதுவும் பாதி.
திரவியம் இண்டைக்கும் உம்மோடை கதைக்கிறேல்லை.
மாசம் தவறாமல்
வாளியை நிரப்பிப் படலையடியில் வைக்கிறார்.

சண்டையும் பிடிச்சம்.
கொப்பியைத் தலைமை அலுவலகம் கேக்குதெண்டு வந்தனீர்.
"குடிக்கிற உப்பு எங்கட,
கணக்கும் எங்கட" எண்டு
அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினது
நான்தான்.
அண்டைக்குத் தேத்தண்ணி குடியாமல் போனனீர்.
அடுத்த மாசம் உம்மட பைக்குள்
ரெண்டு கொப்பி இருந்தது.

கமராவோடை வந்தவை
வாளியைத் தூக்கிச் சிரிக்கச் சொல்லிச்சினம்.
வெயில் சரியில்லையெண்டு ஏழு தரம் சிரிச்சம்.
பணிப்பாளர் மூண்டு பேர் மாறிச்சினம்.
காசு தந்த நாடுகள் மாறினது.
மாறாதது உம்மட சத்தி.

எட்டாம் வருசம்
உமக்குப் பிள்ளை வயித்தில்.
கடலேறக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.
கையளிப்பு விழா ஒண்டும் இல்லை;
மீன்காரப் பெடியன் ஒருத்தன்
சொப்பிங் பையில் சுத்திக் கருவியைக் கொண்டந்தான்.
நான் எழுதினன்.
என்ர ஏழு ஒண்டு மாதிரி இருக்குமாம்.
ராவில் போன் எடுப்பீர்,
பின்னாலை குழந்தை வீறிட்டு அழும்,
"அக்கா, இருபத்தாறாம் கிணறு
ஏழோ ஒண்டோ?"

இப்ப பன்னிரண்டாம் வருசம்.
வந்த நேரம் தொட்டுத்
தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு இருக்கிறீர்.
பங்குனியோடை காசு முடியுதாம்;
யேசுமலர் போன கிழமையே அறிஞ்சிட்டா.
சொல்லக் கஷ்டப்படாதையும்.
இப்பிடி இரும்.
கதிரை போட்டிருக்கு.
மண்ணிறக் கடதாசி விரிச்சிருக்கு.
கலர்ப் பேனை காஞ்சுபோச்சு,
பென்சிலாலைதான் வட்டம் கீறியிருக்கிறம்.

உங்களுக்கு என்ன தேவை?

உடனை சொல்ல வேண்டாம்.
பதினேழாம் கிணறு இன்னும் உவர்தான்,
இத்தனை வருசத்தில் ஒரு புள்ளி இறங்கேல்லை.
அதை முதல் எழுதிப்போட்டு வாரும்.
காத்து எழும்பீட்டுது.
நாலு மணிப் போட்
இண்டைக்கு ஓடாது.