அபராதப் பெட்டி

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
ஞாயிறு மூன்று மணி.
ஐந்து நாற்காலி. ஒன்று ஆடும்;
பிந்தி வருபவருக்கு அது.
ஆளுக்கு மாதம் நானூறு ரூபாய்,
டீ தனி.

கீழே எந்திரம் ஓடும்போதெல்லாம்
மேலே தரை லேசாக நடுங்கும்.
யாருடையதோ பட்டா, சாதிச் சான்று, இறப்புச் சான்று
நகல் நகலாக விழுந்துகொண்டிருக்க
நாங்கள் அசல் எழுதப் பார்த்தோம்.

மொட்டைமாடி ஏறினால் வைகை தெரியும்.
வைகை என்பது பேச்சுக்கு;
புல், எருமை, ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
அதை வைத்துப் புலம்பக் கூடாது என்பது
எழுதாத விதி.
எழுதிய விதி இரண்டு.
மற்றவர் பேசி முடிக்கும்வரை
எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.
அப்புறம் அபராதம்:
நிலாவுக்கு ஒரு ரூபாய், சிறகுக்கு ஒன்று,
மௌனத்துக்கு இரண்டு.

'மௌனத்தின் சிறகுகள்' என்று ஆரம்பித்து
முதல் வாரமே மூன்று ரூபாய் கட்டினார்
மின்வாரியத்து அருளானந்து.
கட்டிவிட்டு ரசீது கேட்டார்.

சகர்பானு தையல்காரி.
அடுத்தவர் கவிதையில் எங்கே துணி மிச்சம் என்று
விரல் வைத்துக் காட்டுவாள்.
தன்னுடையதில் ஒரு நூலை அறுக்கச் சொன்னால்,
வாய் திறக்கக் கூடாதே,
முறைப்பாள்.

துவாரகேஷுக்குக் கல்லூரி இரண்டாம் வருடம்.
கடைசி வரியில் எப்படியும் யாரையாவது கொன்றுவிடுவான்.
"இந்த வாரம் ஒருத்தரையாவது உசுரோட விடுப்பா"
என்பார் அருளானந்து.

சொல்லிக்கொடுப்பவள் நான் என்று பேர்.
வேலை, கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது.
சிவப்புப் பேனா அங்கிருந்து வந்ததுதான்.
மூன்று வருடமாகச் சொந்தமாக ஒரு வரி இல்லை.
யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஒச்சம்மாள் மாட்டுத்தாவணியில் டைம்கீப்பர்.
ஐந்து வாரம் ஆடும் நாற்காலியில்
வெறும் நோட்டோடு கேட்டுக்கொண்டே இருந்தாள்.
ஆறாவது வாரம்
வண்டி நேரம் குறிக்கும் தாளின் பின்பக்கத்தில்
இரண்டு வரி:

சங்கரன்கோவில் கடைசி வண்டி வந்திருச்சு.
நீ இறங்கலை.

கீழே எந்திரமும் நின்றிருந்தது அப்போது.
துவாரகேஷ் மின்விசிறியைப் பார்த்தான்.
யாராவது பேச வேண்டும்; காசு வாங்குகிறவள் நான்.
"'நீ'யை எடுத்துருங்க," என்றேன்.
"'இறங்கலை'யிலயே ஆள் இருக்கு."
என்ன ஒரு புத்திசாலித்தனம்.

விதிப்படி அவள் வாய் திறக்கவில்லை.
பேசி முடித்த பிறகும் திறக்கவில்லை.
அடுத்த ஞாயிறு வரவில்லை.
ஆடும் நாற்காலி ஆடாமல் நின்றது.
படி இறங்கும்போது சகர்பானு சொன்னாள்,
"அளவு எடுக்காம வெட்டிட்டீங்க டீச்சர்."

அதற்கடுத்த வாரம் வந்தாள்,
டியூட்டி முடித்த கையோடு, கழுத்தில் விசிலோடு.
அதே தாள், நாலாக மடித்தது.
'நீ' இருந்த இடத்திலேயே இருந்தது.
அடித்திருந்தது வேறொன்றை:

சங்கரன்கோவில் வண்டி வந்திருச்சு.
நீ இறங்கலை.

ஒரே சொல்தான் போயிருந்தது.
அது போனதும்
காலையிலிருந்து எத்தனை வண்டி வருமோ
அத்தனையிலிருந்தும் ஒருவர்
இறங்காமல் இருந்தார்.

யாரென்று நாங்கள் கேட்கவில்லை.
அருளானந்து எழுந்து போய்ப்
பெட்டியில் இரண்டு ரூபாய் போட்டார்.
"யாரும் ஒண்ணும் சொல்லலையே," என்றேன்.
"அதுக்குத்தான்," என்றார்.

அப்போதுதான் ஒச்சம்மாள்,
வண்டி எண் கேட்கிற அதே குரலில்,
"உங்க பேப்பர் எங்க டீச்சர்?"

இன்று சனி, இரவு பதினொன்று.
தெருமுனையில் கொத்து பரோட்டா நின்று நேரமாகிறது.
சிவப்புப் பேனாவை அடுத்த அறையில் வைத்துவிட்டு
மூன்று வரி எழுதியிருக்கிறேன்.
முதல் வரியிலேயே நிலா.
அடிக்கவில்லை.
சில்லறை எடுத்து வைத்திருக்கிறேன்.
நாளை பிந்திப் போக வேண்டும்,
அந்த நாற்காலி எனக்கு.