ஏழாம் எண் குழி

லிம் சூ காங் சாலையில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து
அல்பீசியா மரங்களுக்குள் இருபது நிமிட நடை.
வரைபடத்தில் இங்கே ஊர்ப்பெயர் எதுவும் இல்லை,
மனை எண்தான் உண்டு.
காட்டுப்பன்றிகள் எங்களுக்கு முன்பே வந்து
பாதி அகழ்ந்து வைத்திருந்தன.

செங்கல் சுவர், முழங்கால் உயரம்.
உள்ளளவு மூன்று மீட்டர் எழுபது, இரண்டு மீட்டர் பத்து.
மண்ணை நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன்:
மேலே ஈரக் காப்பித்தூள்,
கீழே சுட்ட ஓடு,
அடியில் கரி.
கரிக்குள் ஒரு கொட்டாங்கச்சித் துண்டு,
மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மிச்சம்.

கொப்பரைச் சூளை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கல்லறை, பதுங்குகுழி, கழிவறை, மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.

ஈரத்தை விரட்டக் கட்டிய குழி
இப்போது கணுக்கால் அளவு மழையைப்
பொத்தி வைத்திருக்கிறது.
அதில் கொக்கி கொக்கியாய்க் கொசுப்புழுக்கள்.

மூன்றாம் நாள் நூர்ஹயாத்தி வந்தார்,
கையில் அகப்பை, சிறு குப்பி, அபராதப் புத்தகம்.
"யாருடையது இது?"
நிலக்கோப்பில் பார்த்ததைச் சொன்னேன்:
குவெக் ஆ லாய், எண்பத்தாறில் இழப்பீடு,
காய்க்கும் தென்னை ஒன்றுக்கு இவ்வளவு,
காய்க்காததற்கு இவ்வளவு,
கோழிக்கூண்டு சதுர அடிக்கு.
சூளைக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.
அவர் பேனாவை மூடிவிட்டார்.

புகையடிக்க வந்தவர் இருளப்பன், பேராவூரணிக்காரர்.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிச் சுவரைப் பார்த்தார்.
"தேங்கா காயவா இம்புட்டுச் செங்கல்லு?
எங்க ஊருல சும்மா போட்டாலே
நாலு நாள்ல சுருங்கிரும்."
சொல்லி வாய் மூடுமுன் தூறத் தொடங்கியது.
"ஓகோ," என்றார்.

நிற்கும்வரை தார்ப்பாயின் கீழ் நின்றோம்.

கருவி இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது.
வெள்ளைப் புகை குழிக்குள் இறங்கியது,
சற்றுத் தேங்கியது,
பிறகு, நான் வடிகால் என்று வரைந்திருந்த
வடமேற்கு ஓட்டைக்குள் நுழைந்து
ஐந்தடி தள்ளி,
வேர் பிளந்த கற்களின் நடுவே
நேராக எழுந்தது.

நிறுத்துங்கள் என்று கத்தினேன்.
சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.
நல்லதாயிற்று, இன்னொரு நிமிடம் கிடைத்தது.
இருமிக்கொண்டே நாடாவை நீட்டினேன்.

வடிகாலை அழித்தேன்.
அப்படியென்றால் தீ இட்டது எதிர்ப்புறம்,
மூன்று நாளாக நான்
சோற்றுப் பொட்டலம் பிரித்த மேட்டில்.

அங்கே போய்க் குந்தினேன்.
கை நீட்டினால் குழியின் வாய் சரியாக எட்டுகிறது,
முட்டிதான் சுவரில் இடிக்கிறது.
என்னைவிடக் குள்ளமான யாரோ
மட்டை தள்ளிய இடம்.

சுவருக்கும் மேட்டுக்கும் இடைவெளி
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
தாள் நனைந்திருந்தது,
எட்டு மட்டும் கொஞ்சம் பரவிவிட்டது.