இலவச உறை

காட்பாடி ரோட்டு ஷோரூமில்
போன வருசத்து வண்டிக்குப் புது முகம் வந்திருக்கிறது.
புருவம் மாதிரி வெள்ளைக் கோடாய் ஒரு விளக்கு,
அகலமான வாயில் கறுப்புத் தேன்கூடு,
பின்பக்கம் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்குவரை
செக்கச்செவேலென்று ஒரு பட்டை.
"ஃபேஸ்லிஃப்ட் சார்" என்கிறாள் ஷாகிரா.
கோமளாவுக்குப் பிடித்துவிட்டது.
தரணிக்கும்.
எனக்குத்தான் முகம் பார்த்துப் பழக்கமில்லை.

இருபத்தோரு வருசமாய் நான் பார்ப்பதெல்லாம்
முகம் போன வண்டிகள்.
இன்சூரன்ஸ் சர்வேயர்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி,
மாதனூர்ப் பக்கம், வாலாஜா மேம்பாலத்தடியில்,
டேப்பை நீட்டிக் குனிந்து எழுதுவேன்:
பானெட், மாற்று.
ரேடியேட்டர், மாற்று.
கண்ணாடியோரத் தூண்
என்று எழுதி நிறுத்தி
ஒரு டீ குடித்துவிட்டு வந்து
வளைந்துள்ளது.
அதற்குமேல் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆரணியிலிருந்து வந்த மச்சான்
கதவை விரலால் சுண்டிப் பார்க்கிறார்.
"தகரம் மாப்ளே. எங்கப்பா வண்டி இரும்பு."
இரும்பு மடங்காது மச்சான்,
உள்ளே இருப்பவர் மடங்குவார்.
வேலூரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டுமா?
கோட்டைக்கு முன்னால் அகழி எதற்கு?
வருகிறவன் வேகமெல்லாம் அங்கேயே செலவாகட்டும் என்றுதானே.
முன்பக்கம் நொறுங்கட்டும்,
நொறுங்கவென்றே செய்தது அது.
நமக்கு வேண்டியது
முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே
ஒரு சாண் இடம்.
மச்சான் தலையாட்டிவிட்டு
மைலேஜ் கேட்கப் போய்விட்டார்.

ஷாகிரா படம் காட்டினாள்.
அறுபத்து நாலு கிலோமீட்டர் வேகத்தில்
சத்தமில்லாமல், மெதுவாக,
புருவம் போகிறது. தேன்கூடு போகிறது.
வெள்ளைப் பை பொங்கி வர
தூக்கம் சொக்கியவன் போல
பொம்மை அதில் முகம் கவிழ்க்கிறது.
தூண் நேராக நிற்கிறது.
பின்சீட்டில் இரண்டு குழந்தைப் பொம்மைகள்,
கன்னத்தில் சாயம் பூசி.
இவர்களுக்கு யாரும் க்ளெயிம் போட்டதில்லை,
இவர்கள் வீட்டு வாசலில் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதில்லை.

போன வருசத்து வண்டியின் படத்தைக் கேட்டேன்.
"அது இதுல இல்ல சார்."
அதே வண்டிதானே?
"அது பழைய முகம் சார்."
அவளும்தான் என்ன செய்வாள்.
எனக்குத் தெரிந்த ஆறு பேர்
அந்தப் பழைய முகத்தோடு
தினமும் ராணிப்பேட்டைக்குப் போய் வருகிறார்கள்.

டெலிவரி அன்று வெள்ளிக்கிழமை.
புருவத்தின் மேலேயே சந்தனம் வைத்தாள் கோமளா.
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை.
இலவசமாய் ஒரு பிள்ளையார், தரைவிரிப்பு,
பழுப்பு நிற ரெக்சின் உறை,
ஆம்பூர்ச் செருப்பு மாதிரி எடுப்பான தையல்.
தரணி ஏறி உட்கார்ந்தாள்,
பெல்ட்டை இழுத்தாள்,
"எங்கப்பா குத்துறது?" என்றாள்.

சோளிங்கர் செங்கல்வராயன்.
போன ஆவணியில் வந்த கோப்பு.
முன்பக்கம் ஒழுங்காய் மடங்கியிருந்தது.
பைகள் விரிந்திருந்தன. தூண் நேர்.
முன்னால் இருந்த இருவரும் இறங்கி
தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்.
அவர் பின்சீட்டு.
உறையைத் தூக்கிப் பார்த்தேன்.
கம்பெனி பாலித்தீன்கூடப் பிரிக்காமல்
கிடந்தது பெல்ட் பூட்டு.

பூமாலைக் கட்டு அறுத்த பிளேடு
கையிலேயே இருந்தது.
பின்சீட்டில் மூன்று கீறல்.
முன்சீட்டு விலாவிலும் நீளமாய் இரண்டு,
அங்கேயும் ஒரு பை தூங்குகிறது.
"சார், அது பதினோராயிரம்!" என்று ஓடி வந்தாள் ஷாகிரா.
மச்சான் வாயைத் திறந்தார், மூடினார்.
கோமளா பேசவில்லை.
கிரீன் சர்க்கிள் சிக்னல்வரை பேசவே இல்லை.

அங்கே ஆம்பூர்த் தோல் லாரி ஒன்று
பின்னால் வந்து
மூச்சுப் படும் தூரத்தில் நின்றது.
கண்ணாடியில் அதைப் பார்த்தாள்.
பிறகு திரும்பி, அவள் அண்ணனிடம்,
"போடுறியா, நான் எறங்கி வந்து போடவா?"

கிழிசலுக்குள் விரலை விட்டு
மச்சான் தேடிக்கொண்டிருந்தார்.
பச்சை விழுந்தது.
நான் எடுக்கவில்லை.
லாரி ஹார்ன் அடித்தது.