முப்பத்தாறாம் பல்

வாயில் இருப்பதே முப்பத்திரண்டு,
முப்பத்தாறாவது எங்கிருந்து வரும் என்று
வேலைக்குச் சேர்ந்த வாரம் அக்கா சிரித்தாள்.
கீழ்வாய், இடப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது.
இதை விளங்க வைப்பதற்குள்
குழம்பு ஆறிவிட்டது.

மன்னார்குடி, ஜெராக்ஸ் கடை மாடி.
மாலை நாலு பத்துக்குத்
திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாய் வந்து சேர்ந்தது.
முகம் கிடையாது, உதடு கிடையாது.
மவுஸால் திருப்பினால் திரும்பும்.
பெயர் கோ. வைத்திலிங்கம், வயது ஐம்பத்தெட்டு.
தொழில் என்ற இடத்தில் டாக்டர் இளவேனில்
'நெல் தரகு' என்று அடித்து
பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

இந்தப் பல்லை எனக்கு முன்பே தெரியும்.
போன சித்திரையில்
இளஞ்சிவப்பு மாவில் அச்சாகி,
ஈரத்துணி சுற்றி, ஸ்வீட் டப்பாவுக்குள்,
பஸ்ஸின் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தது.
கோட்டூரில் பஞ்சர். ஒன்றரை மணி நேரம்.
டப்பாவைத் திறந்தபோது துணி காய்ந்திருந்தது.
பரவாயில்லை என்று சுண்ணம் கரைத்து ஊற்றினேன்.
பரவாயில்லாமல் இல்லை.

அந்த கேப் உட்கார மறுத்தது.
டாக்டர் ராவினார், நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார்,
மறுபடி ராவினார், சிமெண்ட் வைத்து அமுக்கினார்.
ஓரத்தில் ஒரு மயிரிழை நின்றுவிட்டது.
வரப்பில் நண்டு வளை
விரல்கடை அகலம் இருந்தால் போதாதா,
விடிவதற்குள் வயல் வற்ற?
ஐப்பசியில் ஆடியது.
கார்த்திகையில் இட்லியோடு கையில் வந்தது.
அடியில் உமி.

இன்று ஈறின் விளிம்பு வரை தெரிகிறது.
பல்லைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டே போகிறேன்,
பின்பக்கம் கோடு தொலைகிறது.
எச்சில் தேங்கினால் கேமராவுக்கும் அது சேறுதான்.
போன் செய்தேன்.
'அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ட்டாரேம்மா.'
'கூப்பிடுங்க டாக்டர்.'
இருபது நிமிடத்தில் அந்தப் பின்பக்கம் மட்டும்
உலர்ந்து, தெளிந்து வந்து ஒட்டிக்கொண்டது.
முன்பென்றால் இன்னொரு நாள்,
இன்னொரு வாய் நிறைய மாவு, குமட்டல்.

எதிர்ப்பல்லைப் பார்த்தேன்.
தேய்ந்து தட்டையாகி, நடுவில்
ஒரு நெல் படுக்கும் அளவுக்குப் பள்ளம்.
முப்பது வருசம் மூட்டை மூட்டையாய்
ஈரம் பார்த்த இடம்.
மென்பொருள் தன்னிடமிருந்து ஓர் அழகான பல்லை
எடுத்து நீட்டியது, இருபது வயதுக் கூர்மையோடு.
அதை மழித்தேன்.
மேலே பள்ளம் இருந்த இடத்துக்குக்
கீழே ஒரு சின்ன மேடு வைத்தேன்,
தொட்டும் தொடாமலும்.

வெள்ளை வட்டிலிருந்து எந்திரம் கடைந்தெடுத்த கேப்
வேண்டியதைவிடக் கால்பங்கு பெரிது.
ஒரு ராத்திரி முழுக்க உலையில் கிடந்து
காலையில் தன் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.
சுருங்குவது தப்பில்லை,
எவ்வளவு என்று முன்பே தெரிந்திருந்தால்.
அந்த மாவும் சுருங்கத்தான் செய்தது,
கோட்டூரில்,
யாரிடமும் சொல்லாமல்.

வியாழக்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.
ராவவே இல்லையாம்.
நீலத்தாளில் மூன்று புள்ளி, அவ்வளவுதான்.
சிமெண்ட் இறுகியதும் மனிதர்
சட்டைப்பையைத் துழாவி ஒரு நெல்லை எடுத்து,
தடுப்பதற்குள் கடைவாயில் வைத்து
டக்.
கண்ணை மூடிக்கொண்டு
'பதினெட்டு. இன்னும் ஒரு வெயில் காயணும்'
என்றாராம்.
இதைச் சொல்லும்போதும் டாக்டருக்குக் கோபம் தணியவில்லை.

பதினெட்டு சரிதானா என்று கேட்டேன்.
அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

அடுத்த வாய் வேதாரண்யம்.
பதினொன்று, முன்பல்.
தொழில் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.
போனை எடுத்தேன்.