ஆறாவது இறகு

எங்கள் மொழியில் இரண்டும் இலைக்குருவிதான்.
ஒன்று சின்னது, மற்றது தோப்பிலுள்ளது.
சின்னது உண்மையிலேயே சின்னது என்று
நினைத்துவிடாதீர்கள்.
தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வசந்தத்தில் கவலையில்லை.
சின்னது பிர்ச் மரத்து உச்சியில் நின்று
சில்க் சொல்க், சில்க் சொல்க் என்று
சில்லறை எண்ணும்.
மற்றது ஒரே மூச்சில் மேலே தொடங்கி
படியிறங்கி வந்து
கடைசிப் படியில் ஏதோ மறந்ததுபோல் நின்றுவிடும்.
கண்ணை மூடிக்கொண்டே பெயர் எழுதலாம்.

செப்டம்பரில் இரண்டும் வாய் திறப்பதில்லை.
வலையிலிருந்து எடுத்த துணிப்பைகள்
கொக்கிகளில் தொங்கித் துடிக்கும்.
உள்ளே, பாசிப் பச்சையில்
ஒன்பது கிராம்.
ஃபிலிம் டப்பாவில் தலைகீழாய்ச் செருகி நிறுத்தால்
கால்கள் மட்டும் வெளியே.

கறுத்த கால் சின்னது.
வெளிறிய கால் தோப்பு.
சந்தேகமிருந்தால் சிறகை விரி:
ஆறாவது இறகின் வெளிவிளிம்பு
இடுங்கியிருந்தால் சின்னது.
அதற்குமேல் கடவுளுக்கே தெரியாது
என்பான் எண்டெல்.

அன்று, பார்னுவுக்குத் தெற்கே, மழை விட்ட அந்தி.
இன்னும் நாற்பது பைகள். விரல்கள் மரத்திருந்தன.
மாதக் கடைசி;
தோப்புக்காரர்கள் போய்ப் பத்து நாளாகியிருக்கும்.
"சேறா இருக்கும், விர்வே" என்றான் விளக்கைத் தூக்கி.
"கறுப்புதான்" என்றேன்.
சிறகை விரிக்கவில்லை.
சின்னது என்று பேரேட்டில் எழுதி
வளையத்தை நெரித்து
ஜன்னலுக்கு வெளியே கை விரித்தேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
ஸாம்பியா, காஃபுவே ஆற்றோரம் ஒரு பள்ளிக்கூடம்.
முலெங்கா என்ற ஆசிரியர் எழுதியிருந்தார்:
பூனை கொண்டுவந்து போட்டது.
காலில் எண் இருந்தது, அனுப்புகிறேன்.
பிள்ளைகள் பெயர் கேட்கிறார்கள்.

சின்னது அவ்வளவு தூரம் போகாது.
மத்தியதரைக் கடலோரம் எங்காவது
குளிரைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும்.
பூமத்திய ரேகையைத் தாண்டி
அத்தனை தெற்கே போனது
நான் பெயர் மாற்றி அனுப்பிய ஒன்று.

எண்டெல் எதுவும் சொல்லவில்லை.
பேரேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு
காபி போடப் போனான்.
சிவப்பு மையால் அடித்தேன்.
பிள்ளைகளுக்குச் சரியான பெயரை அனுப்பினேன்;
அடித்த பெயரைப் பற்றி எழுதவில்லை.

இப்போதெல்லாம் எச்சில் தொட்ட கட்டைவிரலால்
முதலில் கால்களைத் துடைக்கிறேன்.
துடைத்த பிறகும் சிலவற்றுக்குக்
கறுப்புமில்லை, வெளுப்புமில்லை,
ஆறிய தேநீரின் நிறம்.

ஆறாவது இறகைத் தேடி எண்ணுகிறேன்.
நான்காவதில் நகத்தைக் கடிக்கிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.