பன்னிரண்டாம் வளைவில் ஒரு புள்ளி

ஆய்வகத்தின் வெந்நீர்த் தொட்டி பழுது.
ஐஸ் கேட்டால், பட்ஜெட் இல்லை.
"சூடு இங்கேயே இருக்கு. குளிருக்கு
ஏற்காடு பஸ் இருக்கே" என்றாள் பெல்சியா.

அஸ்தம்பட்டி, மதியம், முப்பத்தெட்டு டிகிரி.
பழைய பஸ் டிக்கெட்டின் முதுகில் ஒரு பெருக்கல் குறி,
அதன்மேல் குடுவை. தயோசல்பேட்டில்
அமிலம் விழுந்ததும் கந்தகம் கலங்கி
இருபத்தோராவது நொடியில்
குறியைக் காணோம்.

பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில்
ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது.
கண்டக்டர் தண்ணீர் தேடிப் போனார்.
தடுப்புச் சுவரில் கடை பரப்பினோம்.
இருபத்தேழரை டிகிரி; நாற்பத்தாறு நொடி.
ஒரு குரங்கு பெல்சியாவையே பார்த்தது,
அவள் அதைப் பார்த்தாள்,
கடிகாரம் கொஞ்சம் கூடுதலாக ஓடிவிட்டது.

இரவு நாகலூரில், அவள் சித்தப்பா வீடு.
விடியலில் ஏரிக்கரை, பதினேழு.
முதல் தடவை குறியை மறைத்தது
கந்தகமா மூடுபனியா, தெரியவில்லை; அடித்துவிட்டோம்.
மறுபடி: எண்பத்து நான்கு.

மலையைக் காட்டி நான் உவமை தொடங்கினேன்.
"தப்பு. சூட்டில் மேடு தாழாது.
தாண்டத் தெம்புள்ளவை பெருகும்,
அவ்வளவுதான்."

நேரத்துக்கு மடக்கை, கெல்வினுக்குத் தலைகீழ்,
கோட்டின் சரிவில் கிடைத்தது கிளர்வு ஆற்றல்:
மோலுக்கு நாற்பத்தொன்பது கிலோஜூல், சொச்சம்.
குரங்குப் புள்ளி மட்டும்
கோட்டுக்குச் சற்று மேலே நின்றது.

ரப்பரை எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்:
"அங்கே நின்னோம்தானே?"