எட்டாவது அழுத்தம்

முப்பத்தேழு டிகிரியில் உப்புநீர்.
அதற்குள் என் நகத்தளவு டைட்டானியம்.
திருப்பரங்குன்றம் சாலையில்
கடைசி டவுன் பஸ்ஸும் போய்விட்டது.
ஆய்வகத்தில் நான், ஒரு பல்லி,
திரையில் ஊரும் மின்னோட்டக் கோடு.

வளைந்த துளைக்குள் திணித்துத் திணித்து
படிக மணிகளை நொறுக்கித் தந்தவர்
கப்பலூர்ப் பட்டறை ஞானதிரவியம்.
"ஒடச்சுல்ல குடுத்திருக்கேன், இது எப்பிடி மேடம் தாங்கும்?"
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்:
எல்லைகள் கூடினால்
அரிப்புக்கு வாசல் கூடும்.

திரையில் வேறு கதை.
பெருமணி உலோகம்
படலம் போர்த்திக்கொள்ளத் தயங்குகிறது.
பொடிமணிக்கோ
எல்லைக்கு எல்லை ஆக்சைடு முளைத்து
விளிம்போடு விளிம்பு கோத்து
உப்பு நுழையுமுன் கதவு சாத்தியாயிற்று.

நான்காம் அழுத்தம், ஆறாம் அழுத்தம்,
கோடு இறங்கிக்கொண்டே வந்தது.
எட்டில் ஏறியது.
தேய்த்துக் கழுவி மறுபடி வைத்தேன்.
ஏறியது.
சூடாக்கி ஆற்றாமல் விட்ட இறுக்கமோ
நான் மெருகேற்றிய லட்சணமோ, தெரியவில்லை.
போனில் வழிகாட்டி சொன்னார்:
"அந்த ஒரு புள்ளிய விட்ருங்க சுபத்ரா,
கர்வ் அழகா வரும்."

என் இடது முன்கைக்குள்
ஆறு திருகாணியோடு ஒரு தகடு.
உபயம்: ஒத்தக்கடை வளைவில் ஒரு லாரி.
அதை எத்தனை முறை அழுத்தினார்கள்,
ஆற்றினார்களா,
ஆஸ்பத்திரி ரசீதில் இல்லை.

நாலரைக்கு கரண்ட் போய் வந்தது.
அட்டவணையில்
எட்டாவது வரிசையைச் சேர்த்தேன்.
கை லேசாக வலித்தது,
தட்டச்சு செய்ததாலோ
வரப்போகும் மழையாலோ.